காலண்டரில் கூடிப்போன எறும்புகள்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறிகளுக்குப் புத்தி சொல்லும் காலண்டர் ஒன்று ஐயாயிரம் பிரதி அச்சாகிக்கொண்டிருந்தபோது, அந்த மெஷினுக்குப் பக்கத்தில், அந்தக் காலண்டருக்கென்று வைத்திருந்த காகிதக் கட்டின்மேலேயே படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியவன் நான். மெஷினை ஓட்ட வேண்டியவனும் நான்தான். நேரம் பட்டப்பகல்.

நம் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'உழைப்பும் உயர்வும்' என்ற தலைப்பில் எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுத் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவுககிட்டயா? உழைப்பைப் பத்தியா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்ச் சிரித்தாள். தம்பிகள் முழித்தார்கள். அவள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். தலைப்பு கொஞ்சம் அடிபடும். மலர்க் குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் பேட்டையில் வேலை. பதினெட்டு வயதில் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். மூட்டையைத் தூக்கும்போது ஒரு தும்மல், இறக்கும்போது ஒரு தும்மல் என்று இரண்டு வருஷம் ஓடியது. சிவகாசியில் அச்சாபீஸ் என்று ஒன்று இருக்கிறது, அங்கே எல்லா வேலையையும் மெஷினே பார்த்துக்கொள்ளும், ஆள் பக்கத்தில் நின்றால் போதும் என்று யாரோ சொன்னார்கள். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் இருக்க முடியுமா? ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து ஒரு லித்தோ கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் என் கையில் ஒரு கல்லைக் கொடுத்தார்கள். கையில் கொடுத்தார்கள் என்பது பேச்சுக்கு. நான்கு பேர் சேர்ந்து தூக்கி மேசைமேல் வைத்து, "தேய்" என்றார்கள். வத்தல் மூட்டை அன்றுதான் எனக்கு லேசாகத் தெரிந்தது.

இப்போது ஆப்செட்டில் வேலை பார்ப்பவர்களுக்காக நாலு வரி. லித்தோவில் அச்சு என்றால் கல்தான். படமும் எழுத்தும் எண்ணெய்ப் பசையுள்ள மையில் கல்லின்மேல் இருக்கும். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், படம் பிடிக்காது. பிறகு மை ரோலர் ஓடினால் படத்தில் மட்டும் மை ஏறும். ஈரமான இடத்தில் ஏறாது. சூட்சுமம் அவ்வளவுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். வேலை முடிந்ததும் பழைய படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு அதே கல்லில் அடுத்த படம். மணலையும் தண்ணீரையும் போட்டு, மேலே ஒரு சின்னக் கல்லைக் கவிழ்த்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் பருமணல், பிறகு நைசு மணல். இதிலேயே சில வருஷம் போயிற்று. அந்த வருஷங்களில் நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது, போர்மேன் எந்தக் கதவு வழியாக வருவார் என்பதை.

போர்மேன் பெயர் தேவசகாயம். நாசரேத் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'சார்' என்பேன். மரியாதை இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். வேலை ஒரு பக்கம்தான் ஓடும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தேய்த்த கல்லைப் பார்க்க வந்தால் முதலில் இரண்டு கையையும் துண்டில் துடைத்துக்கொள்வார். இரும்புச் சட்டம் ஒன்றைக் கல்லின் குறுக்கே நிறுத்தி, அதற்கடியில் மெல்லிய தாள் துண்டு ஒன்றைச் சொருகி, விரல் நுனியால் இழுப்பார். தாள் சிக்கினால் அந்த இடம் மட்டம். வழுக்கிக்கொண்டு வந்தால் பள்ளம். நடுவில், மூலைகளில், ஓரங்களில் என்று ஒன்பது இடத்தில் இழுப்பார். எனக்கோ கை எட்டுகிற நடுப்பகுதியில் தேய்ப்பதுதான் பிடிக்கும். மூலைக்குப் போக வேண்டுமென்றால் மேசையைச் சுற்றி நடக்க வேண்டுமே. ஆகவே நான் தேய்த்த கல்லெல்லாம் நடுவில் இருப்புச்சட்டி மாதிரி குழிந்திருக்கும். தாள் வழுக்கிக்கொண்டு வரும். அவர் அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். திட்டு அவ்வளவுதான். சட்டைப் பையில் அந்தத் தாள்கள் சேர்ந்துபோய், ஊருக்குப் போகும்போது சட்டையைத் துவைக்க வாங்கிய அம்மா என்னவோ ஏதோ என்று பயந்திருக்கிறாள்.

ஒரு நாள் மழையைச் சாக்கு வைத்து வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போர்மேன் கேட்டார்: "தெருவுல சிங்கம் நின்னுச்சா, அண்ணாச்சி?"

"சிவகாசியில ஏது சார் சிங்கம்? மழைதான்."

"சரி" என்று போய்விட்டார். கூட வேலை பார்த்த நாரணாபுரம் குருசாமிதான் விவரம் விசாரித்துக்கொண்டு வந்தான். போர்மேன் படிக்கிற வேதத்தில் சாலொமோன் என்று ஒரு ராஜா இருக்கிறார். சோம்பேறிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. வெளியே சிங்கம் நிற்கிறது என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே கிடப்பவன், கீலில் கதவு திரும்புவதுபோலப் படுக்கையில் புரள்பவன், வட்டிலில் கையை விட்டுவிட்டு அதை வாய்வரைக்கும் தூக்கச் சோம்பல்படுபவன் என்று வகைவகையாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"ஏலே ரத்தினம், ஒன்னைப் பாக்காமலே அந்த ராசா எம்புட்டுச் சரியாச் சொல்லியிருக்காரு பாரு" என்றான் குருசாமி.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு ராஜா உட்கார்ந்து நம்மைப் பற்றி யோசித்திருக்கிறார் என்றால் லேசா?

அறுபதுகள் தொடங்கிய சமயத்தில் மெஷின்மேன் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்க்கலாம் என்று போர்மேன் முதலாளியிடம் சொன்னார். ஏன் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கற்களை என்னிடமிருந்து காப்பாற்றத்தான் என்பது குருசாமியின் கருத்து. ஏற்பாடு இதுதான்: ஒரு வேலையை முழுசாக ஓட்டிக் கொடுத்தால் மெஷின் எனக்கு, சொதப்பினால் திரும்பக் கல் தேய்க்கப் போக வேண்டும்.

இந்தச் செய்தி விருதுநகர் போய்ச் சேருவதற்குள் வளர்ந்துவிட்டது. நான் மெஷின்மேன் ஆகியே விட்டேன் என்று சொல்லி அம்மா ஓரிடத்தில் பெண் பேசிவிட்டாள். பெண்ணின் அப்பா வத்தல் பேட்டையில் தரகர். எதையும் கையில் அள்ளி, மூக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புகிற மனிதர். "பொங்கல் கழிச்சு ஒரு நடை வந்து, மாப்ள மெஷின் ஓட்டுறதைப் பாத்துட்டு நாள் குறிப்போம்" என்று சொல்லியிருந்தார். ஆக, பொங்கலுக்குள் மெஷின் என் கையில் நிலைத்தால் கல்யாணம். மணலும் சகதியுமாகக் கல்லோடு நிற்பதை அவர் பார்த்தால், அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய் வேறு மாப்பிள்ளை தேடுவார்.

தீபாவளி முடிந்து பட்டாசு லேபிள் ஓய்ந்தால் எங்களுக்குக் காலண்டர் சீசன். அந்தக் கார்த்திகையில் போர்மேனின் ஊர்ப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. ஐயாயிரம் காலண்டர், நான்கு நிறம். அதுதான் என் சோதனை வேலை. படத்தில் ஒரு மரம். மரத்தடியில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் ஒருவன் தூங்குகிறான். அவனைத் தாண்டித் தானியம் சுமந்துகொண்டு பதினேழு எறும்புகள் வரிசையாகப் போகின்றன. கீழே அதே சாலொமோன் ராஜாவின் வசனம். சோம்பேறி எறும்பிடம் போய்ப் பாடம் படிக்க வேண்டுமாம். எறும்புக்குத் தலைவனும் கிடையாது, மேற்பார்க்க ஆளும் கிடையாது. அப்படியிருந்தும் கோடையிலேயே தீனி சேர்த்து வைத்துவிடுகிறதாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எறும்புக்கே போர்மேன் கிடையாதுன்னு போட்டிருக்கே சார், பெறகு நமக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

மையைக் குழைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி."

குருசாமி ஒரு தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் ஏதோ குறை பார்ப்பவன்போலக் குலுங்கினான்.

மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒழுங்காக ஓடின. மூன்றுக்கும் போர்மேன் பக்கத்திலேயே நின்றது காரணமாக இருக்கலாம். கறுப்பு மட்டும் பாக்கி. எழுத்து, கோடு, எறும்பு எல்லாம் கறுப்புக் கல்லில்தான். அதை நானே தனியாக ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

இந்த இடத்தில் கோந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெஷின் எப்போது நின்றாலும், பத்து நிமிஷம் நின்றாலும்கூட, கல்லின்மேல் கோந்துத் தண்ணீரை மெல்லிசாகப் பூசிவிட்டுத்தான் மெஷின்மேன் நகர வேண்டும். பூசாமல் விட்டால் வெற்றிடம் காயும். காய்ந்த இடத்தில் மை போய் உட்காரும். உட்கார்ந்தது லேசில் எழுந்திருக்காது. அந்த விஷயத்தில் அதுவும் நானும் ஒன்று. கோந்து தண்ணீராகவே கடையில் கிடைக்காது. கட்டிக் கோந்தை முதல் நாள் சாயங்காலமே சட்டியில் ஊறப் போட்டு, காலையில் துணியில் வடிகட்ட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் சட்டியை எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் பழைய கோந்து கிடந்தது. போதும் என்று பட்டது. எனக்கு எப்போதுமே போதும் என்றுதான் படும்.

மறுநாள் காலையில் கறுப்பை ஓட்ட ஆரம்பித்தேன். மதியச் சங்கு ஊதியது. குருசாமி சாப்பிடுவதற்கு நாரணாபுரத்துக்குச் சைக்கிளை மிதித்தான். போர்மேன் முதலாளியோடு ஸ்டேஷனுக்குக் காகித லோடு பார்க்கப் போயிருந்தார். சட்டியைக் கவிழ்த்தேன், பழைய கோந்து காலையிலேயே தீர்ந்திருந்தது, சொட்டு விழவில்லை. கல்லை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தேன். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி துடைத்தால் போயிற்று என்று தூக்குச்சட்டியைத் திறந்தேன். தயிர்ச்சோறு. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜன்னல் வழியே நல்ல காற்று. அந்தக் காற்று என்னைத் தூங்க வைத்தது. அதே காற்று கல்லையும் காய வைத்தது. அன்று மதியம் அந்தக் கட்டடத்தில் சுறுசுறுப்பாக இருந்தது காற்று மட்டும்தான்.

குருசாமி காலைப் பிடித்து இழுத்தான். "ஏலே, எந்திரி. போர்மேன் வர்ற நேரம்."

துள்ளி எழுந்து, கல்லை நனைத்து, மெஷினை ஓட்டினேன். குருசாமி ஒரு பக்கம் தாளைக் கொடுக்க, நான் மறுபக்கம் மெஷின்மேன் தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வருங்கால மாமனார் வந்து பார்க்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று ஒத்திகை. கொஞ்ச நேரத்தில் குருசாமி கேட்டான்.

"ரத்தினம், காலைல படத்துல எத்தனை எறும்புலே இருந்துச்சு?"

"பதினேழு."

"இப்ப எண்ணு."

எண்ண முடியவில்லை. கல் காய்ந்த இடத்திலெல்லாம் கறுப்புப் புள்ளி ஏறியிருந்தது. எறும்பு அளவு, எறும்பு நிறம். மரத்தில் எறும்பு, வானத்தில் எறும்பு, வசனத்தின் மேலேயும் எறும்பு. கட்டிலில் தூங்குகிறவன் மூக்கில் மட்டும் இரண்டு.

அப்போதே மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் கோந்து எங்கே என்ற கேள்வி வரும். எறும்பு கூடினால் நல்லதுதானே, சுறுசுறுப்பு கூடுதலாகத் தெரியும் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. "ஓடட்டும்லே, போகப் போகத் தெளிஞ்சுரும்" என்றேன். தெளியவில்லை. தாளுக்குத் தாள் எறும்புகள் குடும்பம் பெருக்கின.

முந்நூறு தாள் ஓடிய பிறகு மெஷின் நின்றது. நான் நிறுத்தவில்லை. லீவரில் போர்மேனின் கை இருந்தது.

ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கோந்துச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு காகிதக் கட்டைப் பார்த்தார். அதன்மேல் என் உடம்பு நீளத்துக்கு ஒரு பள்ளம். இரும்புச் சட்டம் வைத்துச் சோதிக்கத் தேவையில்லாத பள்ளம்.

"ஊறப் போடலையா, அண்ணாச்சி?"

"போதும்னு நெனச்சேன் சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். தன் மேசையிலிருந்து ஒரு கோந்து பாட்டிலும், பென்சில் கனத்தில் இரண்டு கல் குச்சிகளும், மெல்லிய தூரிகையும் எடுத்துவந்தார். குச்சியைத் தண்ணீரில் தொட்டு, ஒரு புள்ளியை மட்டும் நுனியால் உரசி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் ஆசிட் கலந்த கோந்தில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். அரை நூல் தள்ளி உரசினால் பக்கத்திலுள்ள எழுத்து போய்விடும். மரத்துப் பக்கம் அவர் உட்கார்ந்தார். கட்டில் பக்கம் எனக்கு. கல்லில் படம் இடம் வலம் மாறி இருக்கும். அதில் நிஜ எறும்பு எது, நான் உண்டாக்கிய எறும்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிஜ எறும்புக்குக் கால் இருந்தது, என்னுடையதற்கு இல்லை.

விளக்குப் போடும் நேரம் ஆயிற்று. முதுகு ஒடிந்தது. சோதனைக்கு ஒரு தாள் ஓட்டினார் போர்மேன். சுத்தமாக வந்தது. எண்ணினார். பதினாறு. அவசரத்தில் ஒரு நிஜ எறும்பையும் நான் தேய்த்துவிட்டிருந்தேன். என்னைப் பார்க்காமல், மெல்லிய பேனாவை எடுத்து அந்த ஓர் எறும்பைக் காலோடும் தானியத்தோடும் கல்லில் திரும்ப வரைந்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். கெட்டுப்போன தாள்களில் ஒன்றை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, தூங்குறவனை எறும்பு தூக்கிட்டுப் போகப் போகுதா?"

போர்மேன் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் ஏதாவது ஒரு சிங்கத்தைச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் பேனாவையே துடைத்துக்கொண்டிருந்ததுதான் தாங்கவில்லை.

"நான் தூங்கிட்டேன் முதலாளி."

"படத்துலயா?"

"இல்ல, கட்டு மேல. கோந்து ஊறப் போடல. பூசவும் இல்ல. கெட்டது தெரிஞ்ச பெறகும் ஓட்டுனேன்."

முதலாளி போர்மேன் பக்கம் திரும்பினார். "ஒங்க ஆளு. என்ன செய்யலாம்? சொல்லுங்க."

இவர் வேதக்காரர், மன்னிப்பதில்தான் அவர்களுக்குப் பேர், உண்மையையும் சொல்லிவிட்டோம், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"கல்லுக்கு அனுப்பிருவோம் முதலாளி" என்றார் போர்மேன். மையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடலாம் என்று சொல்லுகிற அதே குரல்.

கழிவுக்கென்று நூறு தாள் கூடுதலாக ஓட்டியிருந்தோம். அதுபோக இருநூறு குறைந்தது. அந்த இருநூறையும் மஞ்சளிலிருந்து தொடங்கித் திரும்ப ஓட்ட வேண்டும். அச்சானதுமே அந்த மூன்று நிறக் கற்களையும் தேய்க்க அனுப்பும்படி போர்மேன் என்னிடம் சொல்லியிருந்தார்; தீப்பெட்டி லேபிளுக்குக் கல் தேவைப்பட்டது. நான் நாளைக்கு, நாளைக்கு என்று சுவரோரம் சாத்தி வைத்திருந்தேன். மூன்றிலும் படம் அப்படியே இருந்தது. எனக்கு உயிர் திரும்பிவிட்டது. "பாத்தீகளா சார், நான் மட்டும் சுறுசுறுப்பா இருந்திருந்தா இந்நேரம்..." என்று தொடங்கினேன்.

முடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் மூன்று கல்லும் பூசின கோந்தோடு பளபளத்தன. நான் பூசவில்லை என்பது எனக்குத் தெரியும். யார் பூசினார் என்பதும் தெரிந்தது.

நான்கு நாள் போர்மேனே நின்று மெஷினை ஓட்டினார். காலண்டர் லோடு சொன்ன தேதியில் போயிற்று. நான் பருமணல் சலித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி முழுக்கக் கல். திருந்திவிட்டேன் என்று எழுதினால் என் மனைவி படித்துவிட்டு மறுபடி சிரிப்பாள். பயம்தான். பொங்கல் ஒவ்வொரு நாளாக நெருங்கியது. மாமனாரின் மூக்கு கனவில் வந்தது. மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். மூலையில் பத்துச் சுற்று, ஓரத்தில் பத்துச் சுற்று, பிறகுதான் நடு. அந்த மாதம் நடந்த நடைக்கு விருதுநகருக்குப் பலமுறை போய் வந்திருக்கலாம். முதல் வாரம் மூலைக்கு மூலை தாள் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது. பிறகு ஒரு மூலையில் மட்டும். அதன்பிறகு கைக்குத் தாள் வரவில்லை. போர்மேன் அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லவும் இல்லை. குருசாமிதான் மெஷினிலிருந்தபடியே கேட்பான்: "ஏலே, மேசையை வலம் வர்றியே, என்ன வேண்டுதல்?"

பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு பெரிய கல்லை முடித்துக் கழுவி வைத்திருந்தேன். போர்மேன் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். சட்டத்தை வைத்து ஒன்பது இடத்திலும் தாளை இழுத்தார். ஒன்பதிலும் சிக்கியது. பத்தாவதாக, இதுவரை பார்த்தேயிராத ஓர் இடத்தில் இழுத்தார். அதிலும் சிக்கியது.

"ரெண்டாம் நம்பர் மெஷின்ல மத்தாப்பு லேபிள் ஏத்தணும். இந்தக் கல்லுதான். நீங்களே ஓட்டுங்க."

வாயை மூடிக்கொண்டு மெஷினுக்குப் போயிருக்க வேண்டும். எத்தனையோ நாளாக மனசில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டினேன். அவர் செய்த உபகாரம், மாமனார் வரப்போவது, அம்மா படும் கவலை, அந்த ராஜா சொன்னதில் உள்ள நியாயம் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஈரக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இனிமே பாருங்க சார், நானும் அந்த எறும்புதான். யாரும் சொல்ல வேண்டாம், யாரும் பாக்க வேண்டாம், நானாவே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சு..." என்று நீட்டிக்கொண்டு போனேன்.

அவர் சட்டத்தைச் சுவரில் மாட்டினார்.

"எறும்பு பேசாது, அண்ணாச்சி."